ஷூ கம்பெனியா? கம்ப்யூட்டரா? அவசரப்படாதே, தம்பி!

விரிஞ்சிபுரத்தில் அந்தி சாயும் நேரம். ஆம்பூர் பக்கம் போன கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் வந்து நிற்கிறது. ஆணும் பெண்ணும் சாப்பாட்டுக் கூடையோடு இறங்குகிறார்கள். அதில் ஒரு வாலிபர். ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் மெஷினில் வேலை. வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆரம்பிக்கிறது சண்டை.

"வேலையை விட்டுடப் போறேன். வெப் டிசைன் படிக்கப் போறேன்" என்கிறான் மகன்.

"கையில இருக்கிற வேலையை விட்டுட்டு இன்னாடா படிப்பு?" என்று சீறுகிறார் நைனா.

"எத்தினி வருசம் மெஷின் முன்னாடியே குந்திக்கினு கிடக்கிறது?" என்று மகனும் எகிறுகிறான். அம்மா சோற்றுத் தட்டோடு நடுவில் நிற்கிறாள்.

இது ஒரு வீட்டுச் சண்டை அல்ல. வேலூரில் இருந்து வாணியம்பாடி வரை, தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களில் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய சண்டை. இதில் யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரி! அதனால்தான் சண்டை தீரவில்லை.

மகன் பயம்

மகன் பக்கம் பார்ப்போம். தோல் தொழில் இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டது. மறுக்க முடியாது. ஆனால் பாலாற்றை என்ன செய்தது? ஆற்றங்கரை விவசாயியைக் கேட்டால் தெரியும். தோல் ஷாப்பு கழிவால் சுமார் 35 ஆயிரம் எக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு சுப்ரீம் கோர்ட்டிலேயே வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. "கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும்" என்பதுதான் அதன் சாரம்.

2015 ஜனவரி 31-ந் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. தூங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். 2025 ஜனவரியில் பாலாறு பற்றி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் கடுமையான தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால், ஆம்பூரில் தையல் மெஷின் நடுங்குகிறது!

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன் வேறு வழி தேடுகிறான். அது தப்பா? தப்பே இல்லை.

நைனா பயம்

இப்போது நைனா பக்கம். அவர் படிக்காதவராக இருக்கலாம். கணக்குத் தெரியாதவர் அல்ல.

கம்பெனி வேலையில் பி.எப். உண்டு. காய்ச்சல் என்றால் ஈ.எஸ்.ஐ. உண்டு. நிரந்தரத் தொழிலாளி 5 வருஷம் முடித்தால் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13 ஆயிரம் ரூபாய் என்றால், ஒரு வருஷத்துக்கு 15 நாள் கூலி, அதாவது 7,500 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 37,500 ரூபாய். நாலாவது வருஷத்தில் எழுந்து போனால் அந்தப் பணம் போச்சு! ராஜினாமா எழுதும் முன் எத்தனை பையன்கள் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள்?

அடுத்து, அந்த வெப் டிசைன் தொழில்தான் எப்படி இருக்கிறது? 1995 ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்து விடப்பட்டது. அந்தக் காலத்தில் நாலு பக்கம் அமைக்கத் தெரிந்தவன் ராஜா. அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2003-ல் வேர்ட்பிரஸ் வந்தது. ஆயத்தச் சட்டை மாதிரி, தயார் வடிவங்கள் குவிந்து கிடக்கின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. "இட்லிக் கடைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு" என்று கேட்டால் நொடியில் எழுதித் தள்ளுகிறது.

அப்படியானால் தொழில் செத்துவிட்டதா? இல்லை. சும்மா அழகாக அடுக்கித் தருகிற வேலைக்குத்தான் மவுசு குறைந்தது. கடைக்காரருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் புரிந்துகொள்கிறவன், வயசானவர் கையில் இருக்கும் பழைய போனிலும் பக்கம் திறக்கும்படி செய்கிறவன், பணம் கட்டும் இடத்தில் திருடன் புகாமல் பார்த்துக்கொள்கிறவன், இவனுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அது 3 மாதத்தில் வரும் வித்தை அல்ல.

பலே ஆசாமிகள்!

இந்த இடத்தில்தான் பலே ஆசாமிகள் வருகிறார்கள். "90 நாளில் டிசைனர்! 100 சதவீத வேலை உத்தரவாதம்!" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அம்மாவின் தாலிச் சரடு அடகுக் கடைக்குப் போகிறது. கட்டணம் கைமாறுகிறது. கடைசியில் கையில் ஒரு சர்டிபிகேட். வேலை எங்கே என்று கேட்டால் போனை எடுப்பதில்லை!

பயிற்சி நிலையங்கள் வேலை உத்தரவாதம் என்று பொய் விளம்பரம் செய்யக்கூடாது என்று 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். போன் வழியாகப் பணம் பறித்தால் 1930. கூச்சப்பட்டு வீட்டில் முடங்கிக் கிடப்பதால்தான் அடுத்த வீட்டுப் பையனும் ஏமாறுகிறான்.

இன்னும் பயங்கரம் ஒன்று உண்டு. 2022-ல் "தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கைநிறைய சம்பளம்" என்று ஆசை காட்டி இந்திய வாலிபர்களைக் கொண்டு போனார்கள். இறக்கி விட்ட இடம் மியான்மர்! ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்து உதைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பையன்களுக்குத்தான் அந்த வலை விரிக்கப்பட்டது என்பதை மறந்துவிடக்கூடாது.

என்ன செய்யலாம்?

அப்படியானால் மெஷின் முன்னாலேயே கிடக்க வேண்டியதுதானா? அதுவும் வேண்டாம். வழி இருக்கிறது.

முதலில் வேலையை விடாதே. ராத்திரி ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஒதுக்கு. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் அரிச்சுவடி. இதைப் படிக்கப் பைசா செலவில்லை. மொசில்லாவின் பாடங்கள் இலவசம். ஃபிரீகோட்கேம்ப் இலவசம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே பல பாடங்கள் கிடைக்கின்றன. கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு, 2022 மார்ச் 1-ந் தேதி தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. போன் மட்டும் போதாது. பழைய லேப்டாப் ஒன்று வேண்டும். செலவு அவ்வளவுதான்.

ஆறு மாதம் போகட்டும். தெருமுனை டெய்லருக்கு ஒன்று, பிரியாணிக் கடைக்கு ஒன்று என்று செய்து காட்டு. காசு கொடுத்த ஆள் மறுபடியும் தேடி வருகிறாரா பார். வந்தால் தொழில் பிடிபட்டது என்று அர்த்தம். வராவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. மெஷின் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்ந்த பிறகு ராஜினாமாவைப் பற்றிப் பேசு. நைனாவும் தடுக்க மாட்டார்.

இன்னொன்று. பெங்களூரில் ஆயிரம் டிசைனர் இருப்பான். ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் வித்தியாசம் சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டிங், ஸ்கைவிங், லாஸ்டிங் என்று வரிசையாகச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? ஷூ கம்பெனி வெளிநாட்டுக்காரனுக்குச் சரக்கைப் படம் போட்டு விளக்கிக் காட்ட வேண்டுமானால், இரண்டும் தெரிந்த ஆள்தான் வேண்டும். தைத்த கை வீண் போகாது. வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய வேலையும் அல்ல அது.

கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. பத்து வருஷம் தைத்தவனுக்கு அடுத்த படி எது என்று காட்டாவிட்டால், அவன் ஜன்னல் வழியாக வெளியேதான் பார்ப்பான். கம்ப்யூட்டரில் மாதிரி வரையும் பிரிவுக்கு, வெளியில் இருந்து ஆள் தேடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் பையனையும் பெண்ணையும் பழக்கலாமே!

விரிஞ்சிபுரம் கோவிலில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. குச்சியை வைத்தால் நிழல் மணி சொல்லும். ஆனால் வெயில் வரும் வரை காத்திருக்க வேண்டும். அங்கே இருக்கும் சாமிக்கு வழித்துணை நாதர் என்று பெயர். நடக்கிறவனுக்குத்தான் வழித்துணை வேண்டும். தாலிச் சரடை அடகு வைத்துக் குதிக்கிறவனுக்கு எந்தச் சாமியும் துணைக்கு வராது.

மகன் படிக்கட்டும். நைனா கணக்குப் பார்க்கட்டும். அம்மா கையில் இருக்கும் சோறு ஆறுவதற்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசட்டும்!