வருகிறேனும் வந்துகொண்டிருக்கிறேனும்

நம் மாணவர் ஆங்கிலம் பேசத் தொடங்கினால் எல்லா வினையும் 'இங்' என்றே முடிகிறது என்று கற்றோர் நகைப்பதுண்டு. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பன அவர்கள் காட்டும் சான்றுகள். தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் பேசுவதால் விளையும் கேடு இது என்பது பொதுவான தீர்ப்பு. இத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

தமிழில் யாராவது 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்கிறோமா? 'தெரியும்' என்கிறோம். 'வேண்டும்', 'பிடிக்கும்' என்பனவும் அப்படியே. 'எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்றால் நெய்வேலியின் எந்த வட்டத்திலும் சிறுபிள்ளைகூடச் சிரிக்கும். தமிழில் எண்ணிய பிள்ளைக்கு இப்பிழை வராது. 'ஆம், இஸ், ஆர் போடு. வினையோடு இங் சேர்' என்று பொருளறியாமல் உருப்போட்ட பிள்ளைக்கே வரும். (2003-இல் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் 'லவ்' என்னும் வினையை இங்ஙனமே 'இங்' சேர்த்து உலகெங்கும் விளம்பரம் செய்தது. அதைப் பிழையென்று யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை!)

தமிழ் மெய்யாகவே நம்மை இடறச் செய்யும் இடம் வேறு. 'நாள்தோறும் வடலூரிலிருந்து வருகிறேன்' என்பதற்கும், 'பொறு, இதோ வருகிறேன்' என்பதற்கும் நமக்குச் சொல் ஒன்றே. ஆங்கிலம் முன்னதை 'ஐ கம்' என்றும், பின்னதை 'ஐ ஆம் கமிங்' என்றும் பிரிக்கும். இதற்கு நம் சுரங்கமே நல்ல பாடம். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காது. ஓயாமல் நடக்கிறதே, இது தொடர்வினைதானே என்று தோன்றும். ஆயினும் பொதுவாகச் சொல்லும்போது ஆங்கிலம் 'தே பம்ப்' என்றே சொல்லும். அது நிலையான வழக்கம். ஒரு பம்பு பழுதாகி இன்றைக்கு மட்டும் வேறொன்று ஓடினால் அது 'இஸ் ரன்னிங்'. ஓயாமை அன்று கணக்கு. இக்கணம் நடப்பதா, இப்போதைக்கு மட்டும் நடப்பதா என்பதே கணக்கு.

அமைப்பும் நமக்குப் புதிதன்று. நிகழ்கால இடைநிலைகளுள் 'ஆநின்று' என்பதை நன்னூல் முதலில் வைக்கிறது. 'உண்ணாநின்றான்' என்பதில் 'நில்' என்னும் வினை தெரிகிறதல்லவா? இன்று அவ்விடத்தில் 'கொண்டிரு' நிற்கிறது. வந்துகொண்டிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறாய், வந்துகொண்டிருக்கிறான்: 'வந்து' மாறவில்லை, 'இரு' என்பதே ஆளுக்கேற்ப முடிவு மாறுகிறது. ஆங்கிலத்திலும் 'கமிங்' மாறாது. ஆம், ஆர், இஸ் மாறும்.

இவ்வளவு அருகில் உதவி இருக்க, ஆங்கில வகுப்பில் தமிழ் வாய் திறக்கலாகாது என்பது என்ன நியாயம்? வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவனுக்கு அவ்விதியால் நட்டமில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் தனக்குத் தெரிந்த ஒரே இலக்கணத்தை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு நுழைகிறான். பிறகு நேர்முகத் தேர்வில் வாய் திறக்கவே அஞ்சுகிறான். முதலாண்டில் ஒரு வாரமேனும் ஆங்கிலப் பேராசிரியரும் தமிழ்ப் பேராசிரியரும் ஒரே கரும்பலகையில் இவ்வினைகளை அருகருகே எழுதிக் காட்ட வேண்டுமென இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.