வால்வு செட்டைக் காயலான் கடைக்குப் போடலாமா?



பொங்கல் விழா முடிந்த மறுநாள் புத்தலப்பட்டில் நம் சாமான்கள் இருக்கும் அறையைச் சுத்தம் செய்தபோது, பரணிலிருந்து ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் இறங்கியது. இறக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டது. "காயலான் கடைக்குப் போட்டால் இரும்பு விலையாவது தேறும்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். பெங்களூரில் வேலை பார்க்கும், கிட்டார் வாசிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், "பெரியப்பா, போட்டுடாதீங்க. இந்த மாதிரி சத்தத்துக்காக வெளிநாட்டுல லட்சக்கணக்குல கொடுக்கிறாங்க" என்று குறுக்கே நின்றான். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கும் அந்தச் செட்டின்மேல் ஆசை உண்டு. பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் மைக் செட்டுக்காரர் பனைமரத்தில் புனலைக் கட்டிவிட்டு சுவிட்சைப் போடுவார். உடனே பாட்டு வராது. வால்வுக்குள் கம்பி சிவந்து சூடேற வேண்டும். ஒரு உறுமல் கேட்கும், பிறகுதான் பாட்டு. நாங்கள் பையன்கள் பாட்டைவிட அந்தச் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

நம் செட்டில் இருந்த இரண்டு வால்வுகளில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை தெரிந்தது. பெங்களூரில் அந்த நிறுவனம் 1961இல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. பக்கத்து ஊர்ச் சரக்குதான்! அந்த வகை வால்வுகள் அங்கே உற்பத்தியாவது நின்று வெகுகாலம் ஆகிறது. இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. 2022இல் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது விலை ஏறியது.

சரி, சத்தம் உண்மையிலேயே வேறா? சித்தூர் ரேடியோ மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பழைய கண்டென்சர்களை மாற்றினோம். (உள்ளே 300, 400 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கும். தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது. ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதையும் ஒரு டிரான்சிஸ்டர் செட்டையும் வேட்டியால் மறைத்து வைத்து, ஒரே கிட்டார், ஒரே ஸ்பீக்கர் கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டோம். முதல் சுற்றில் எல்லாரும் வால்வுக்கே ஓட்டுப் போட்டோம். பிறகுதான் கவனித்தோம், வால்வு செட் சற்று உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. உரக்கக் கேட்பது எதுவானாலும் காதுக்கு நல்லதாகவே படும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபின், மெதுவாக வைத்தால் ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் வெட்கத்துடன் இரண்டு முறை தவறாகச் சொன்னேன்.

ஆனால் வால்யூமைத் தூக்கியதும் கதை மாறிவிட்டது. தாங்கும் எல்லையைத் தாண்டும்போது டிரான்சிஸ்டர் ஒலியலையின் தலையைக் கத்தியால் வெட்டியது போலச் சமமாக வெட்டுகிறது. காதைக் கிழிக்கும் கரகரப்பு வருகிறது. வால்வோ கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கிறது. ரஸ்ஸல் ஹாம் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1973இலேயே இந்த வேறுபாட்டை அளந்து கட்டுரை எழுதியிருக்கிறார். கிட்டார்காரர்களுக்கு அந்த வளைவுதான் வேண்டும். அவர்களுக்கு ஆம்ப்ளிஃபயரும் வாத்தியத்தில் பாதி. அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் 1962இல் லண்டனில் முதல் மார்ஷல் செட் செய்தார்கள். சில பாகங்கள் மாறியதிலேயே குரலும் மாறி, தனிப் பெயர் வாங்கியது. பீட்டில்ஸ் பயன்படுத்திய வாக்ஸ் இன்னொரு வகை, மணி அடித்தாற்போலக் கணீரென்று இருக்கும். இவற்றை ஒப்பிட்டுப் பிள்ளைகள் சண்டை போடுவதில் நியாயம் இருக்கிறது.

மேடைப் பேச்சுக்கும் நாகசுரத்துக்கும் இந்த நியாயம் பொருந்தாது. அங்கே ஒலி வளையாமல் வர வேண்டும், டிரான்சிஸ்டர் செட்டே போதும். "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்று நாம் உருகுவதற்கு வால்வைவிடப் புனல்தான் காரணம் என்பேன். அடிக்குரலையெல்லாம் விழுங்கிவிட்டு நடுக்குரலை மட்டும் நான்கு ஊருக்கு அனுப்பிய தகரப் புனல். அதோடு நமக்கு அப்போது பத்து வயது.

ஆகவே என் யோசனை இதுதான். பட்டிமன்றத்துக்கும் விழாவுக்கும் புதிய செட் இருக்கட்டும். பழையதை இரும்பு விலைக்குத் தள்ள வேண்டாம், கிட்டார் பழகும் பிள்ளைகளிடம் விடுவோம். வெளிநாட்டுப் பழஞ்செட்டுக்கு லட்சம் செலவழிக்க நினைக்கும் பெற்றோரும் முதலில் இதில் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும், வேட்டியால் மறைத்துவிட்டு.

மெக்கானிக் பார்த்ததில் பவர் வால்வுகள் இரண்டும் களைத்துவிட்டனவாம். சித்தூர், திருப்பதிப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது ஈஎல் 34 வால்வு கிடந்தால், அடுத்த செயற்குழுவுக்கு வரும்போது துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.