அட்டையைப் பார்த்துக் குளிசையை நிறுத்தாதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் சீனி, கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை எடுக்கிற பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் மண்டபத்தில் மறுபடியும் இரத்தப் பரிசோதனை முகாம் என்று அறிவித்திருக்கிறார்கள். விரலில் குத்தி, வட்டம் போட்ட ஓர் அட்டையில் இரத்தத் துளிகளை விட்டுக் காயவைத்து, கொழும்புக்கு அனுப்புவார்கள். ஒரு கிழமையில் சீனி, கொலஸ்ட்ரோல், எல்டிஎல், எச்டிஎல் எல்லாம் அடங்கிய ‘ஃபுல் ரிப்போட்’ வட்ஸ்அப்பில் வரும். கட்டணம் 3,500 ரூபாய். கடந்த முறையும் இதே முகாம்தான். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துவிட்டு இந்த முறையும் சும்மா இருக்க எமக்கு மனம் வரவில்லை.

எமது குடும்பத்தில் ஒரு மாமா. ஐந்து வருடமாகக் கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கிறவர். அட்டை ரிப்போட்டில் எல்டிஎல் 92 என்று பச்சை நிறத்தில் வந்தது. “பாருங்க மகன், எனக்கு இப்ப ஒண்டுமில்ல” என்று போனை நீட்டினார். அந்த நோர்மல், குளிசை தந்த நோர்மல் என்று அந்த இடத்திலேயே நாம் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய சந்தோசத்தைக் கெடுக்க விரும்பாமல் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். அவர் குளிசையை நிறுத்திவிட்டார். நான்கு மாதத்தில் சுபஹுக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினார். நிறுத்தியதால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் நரம்பில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது எல்டிஎல் 171.

உடனே “அட்டைப் பரிசோதனை எல்லாம் ஏமாற்று” என்று நாம் சொல்லப் போவதில்லை. அதுவும் பிழை. 1963இல் அமெரிக்காவில் ரொபர்ட் கத்ரி என்ற வைத்தியர், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் எடுத்த இரத்தத்தில் ஒரு பரம்பரை நோயைக் கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டார். எமது ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளின் தைரொயிட் குறைபாட்டைத் தேடுவதும் இதே முறையில்தான். எத்தனையோ பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிய அட்டை இது. ஆகவே அட்டையில் குற்றமில்லை. அதனிடம் எதைக் கேட்கிறோம், அது சொல்வதை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை விளங்க ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து, இதில் நூற்றுக்கு எத்தனை குறுணல் என்று கேட்டால், கை பெரிதோ சிறிதோ பதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு கைப்பிடியை வைத்து மூட்டையின் நிறையைக் கேட்டால், கையின் அளவு சரியாகத் தெரிய வேண்டும்.

கடந்த இரண்டு மூன்று மாத சீனியைக் காட்டும் எச்பிஏ1சி, குறுணல் கணக்கு மாதிரி. ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எவ்வளவில் சீனி ஒட்டியிருக்கிறது என்ற விகிதம் அது. அதனால் ஒழுங்காக எடுத்து, ஒழுங்காகக் காயவைத்து, தரமான ஆய்வுகூடத்தில் பார்த்தால் அட்டையிலும் ஓரளவு நம்பலாம்.

கொலஸ்ட்ரோல் அப்படியல்ல. அது மூட்டையின் நிறை. இத்தனை இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று சொல்ல, அந்தத் துண்டில் எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆய்வுகூடத்தில் அட்டையிலிருந்து ஒரே அளவான வட்டத்தைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். தடித்த இரத்தம் அட்டையில் குறைவாகப் பரவும். இரத்தசோகை உள்ளவரின் இரத்தம் அகலப் பரவும். அப்போது அந்த வட்டத்துக்குள் இருக்கும் இரத்தம் ஆளுக்கு ஆள் மாறும். மொத்தக் கொலஸ்ட்ரோலைப் பெருமட்டாகச் சொல்லலாம். எச்டிஎல் அட்டையில் மிகவும் பலவீனமானது.

எல்டிஎல்லைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதே இல்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து வரும் மிச்சம் அது. மொத்தம் 200, எச்டிஎல் 50, ட்ரைகிளிசரைட் 150 என்றால் எல்டிஎல் 120. அட்டை மொத்தத்தை மட்டும் பத்து சதவீதம் குறைத்து 180 என்று காட்டினால் எல்டிஎல் 100 ஆகிவிடும். மேலே பத்து சதவீதப் பிழை, கீழே பதினேழு சதவீதமாகிறது. இந்த எண்ணுக்குப் பச்சை நிறம் பூசி ஒரு நோயாளியின் கையில் கொடுப்பது எந்த வகையில் நியாயம்?

இதெல்லாம் ஒழுங்காக எடுத்தால் வரும் பிரச்சினை. கடந்த முறை எப்படி எடுத்தார்கள் என்பதை நாமே நின்று பார்த்தோம். முதல் துளியைத் துடைக்கவில்லை. இரத்தம் வராதவர்களின் விரலைத் தேசிக்காய் பிழிவது போல் பிழிந்தார்கள். அப்படிப் பிழிந்தால் இரத்தத்தோடு தசையின் நீரும் கலக்கும். ஒரே வட்டத்தில் துளிக்கு மேல் துளி விட்டார்கள். மூன்று நான்கு மணித்தியாலம் நிழலில் தனித்தனியாகக் காய வேண்டிய அட்டைகளை ஈரத்தோடு அடுக்கி, பொலித்தீன் பையில் போட்டு, உச்சி வெயிலில் நின்ற வேனில் வைத்தார்கள். வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்தால் எச்பிஏ1சி கூட மாறிவிடும்.

தாய்மாருக்கு இன்னொன்று. இரும்புச்சத்துக் குறைவான இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையை விடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிகின்ற நோய் இருந்தால் குறைத்துக் காட்டும். நரம்பில் எடுத்தாலும் இது உண்டு. அதனால்தான் எண்ணை வாசிக்க ஒரு டொக்டர் தேவை. வட்ஸ்அப் போதாது.

“ஒன்றும் பார்க்காமல் இருப்பதை விட இது நல்லதுதானே” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2005–2006இல் எமது நாட்டில் நடந்த ஆய்வில், 20 வயதைத் தாண்டியவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. வீட்டை விட்டு வெளியே வராத எத்தனையோ உம்மாமார் இந்த முகாமுக்குத்தான் வருவார்கள். அவர்களில் ஒருவருக்கு 6.5 அல்லது அதற்கு மேல் என்று வந்து, அவர் கிளினிக்குக்குப் போனால் அந்த அட்டைக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். கூப்பிடுவதற்கு அட்டை நல்லது. “உனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ” என்று சொல்வதற்கு அதற்குத் தகுதியில்லை. ஏற்கனவே மருந்து எடுப்பவருக்கு அளவைக் கூட்டவோ குறைக்கவோ அது அறவே உதவாது. நோன்பு நெருங்குகிறது. அட்டையைப் பார்த்து இன்சுலின் அளவைத் தாமாக மாற்றப் போகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகத்திடம் நாம் கேட்பது இதுதான். ஒலிபெருக்கியில் அறிவிக்க முன்னர் முகாம்காரர்களிடம் நான்கு கேள்வி கேளுங்கள். உங்கள் அட்டை முடிவுகளை நரம்பில் எடுத்த இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆதாரம் எங்கே? அட்டைகளை எங்கே, எவ்வளவு நேரம் காயவைப்பீர்கள்? எல்டிஎல், எச்டிஎல்லை ரிப்போட்டிலிருந்து எடுத்துவிடுவீர்களா? ஒவ்வொரு ரிப்போட்டிலும் “இதை வைத்து மருந்தை மாற்ற வேண்டாம், கிளினிக்கில் உறுதிப்படுத்துங்கள்” என்று தமிழில் எழுதுவீர்களா? பதில் இல்லையென்றால் மண்டபம் இல்லை என்று சொல்லுங்கள்.

எமது மக்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு ‘ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்’ இருக்கிறது. சீனி, பிரஷர் இலவசமாகப் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்க வேண்டும், உண்மைதான். கல்யாண வீட்டில் சஹனுக்கு நாம் காத்திருக்கும் நேரத்தை விட அது அதிகமில்லை.

உடம்பு அமானிதம். மாமா இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். அவரிடம் அன்று சொல்லாமல் விட்டதை இன்று ஊருக்கே சொல்கிறோம்: டொக்டர் சொல்லாமல் ஒரு குளிசையையும் நிறுத்தாதீர்கள்.

வஸ்ஸலாம்.