பழனியில் ஏது நுரை?

என் தங்கை மகன் போன மாதம் ஒரு சவரக்கத்தி வாங்கினான். சலூனில் பாதி பிளேடு மாட்டுகிறார்களே, அது இல்லை. தோல்வாரில் தீட்டித் தீட்டிப் பிடிக்கிற அசல் மடக்குக் கத்தி. சந்தோஷம். கத்தியோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு ஒரு சோப்பு, அது சரியில்லை என்று ஒரு கிரீம், அதுவும் சரியில்லை என்று கப்பலேறி வந்த ஒரு டப்பா. சரவணம்பட்டியில் அவன் குடியிருக்கும் அடுக்ககத்துக் குளியலறையில் பல் துலக்கும் பிரஷ் வைக்க இடமில்லை. உள்ளூர் மளிகைக் கடையில் வாங்கிய வட்டச் சோப்பு ஒன்றைக் குப்பைக்கூடையில் போடப் போனான். "அது என்ன பாவம் பண்ணுச்சு மாப்ளை?" என்றேன். "நுரையே வர்லீங்க மாமா. நுரை வராத சோப்புல கத்தி வெச்சா மூஞ்சி என்னத்துக்காவுமுங்க?" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரே அப்படித்தான் நம்புகிறது. நுரை எவ்வளவு உயரமோ, சவரம் அவ்வளவு சுகம். கன்னத்தில் பஞ்சுமிட்டாய் அப்பியது போல் இருந்தால்தான் கத்தி வழுக்கும், தோல் எரியாது, காயம் படாது. விளம்பரத்தில் வரும் ஆணழகனும் அப்படித்தான் அப்பிக்கொண்டு சிரிக்கிறான். ஏற்கெனவே வழவழவென்றிருக்கும் முகத்தை அவன் எதற்கு மழிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பழனியில் ஏது நுரை?

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கொங்குநாடே நடந்து போய் அங்கே முடி கொடுக்கிறது. மொட்டை போடும் மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையைக் குனியச் சொல்வார்கள். தண்ணீரை ஊற்றி விரலால் பரபரவென்று தேய்ப்பார்கள். கத்தி இறங்கும். வேலை முடிந்ததும் சந்தனம். ஆறு மாதக் குழந்தையின் தலையும் அப்படித்தான், எண்பது வயதுத் தாத்தாவின் தலையும் அப்படித்தான். இதில் சோப்பு எங்கே, கிரீம் எங்கே? தலைமுடி வேறு, தாடி வேறு என்று சட்டம் பேச வருவார்கள். விரதமிருந்து தாடி வளர்த்துப் போகிறவர்களுக்கு மொட்டையோடு சேர்த்துத் தாடியும் மீசையும் அதே தண்ணீரில், அதே கத்தியில்தான் இறங்குகின்றன. முருகன் அருளால் எரியவில்லை என்பீர்களானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த அருளையே டப்பாவில் அடைத்து விற்கச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

முடியை இளக்குவது தண்ணீர். இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் கம்பி மாதிரி நிற்கிற தாடி தழைந்துவிடும். வெந்நீரானால் இன்னும் சீக்கிரம். சோப்புக்கு இரண்டே வேலை: ஊறிய ஈரம் காயாமல் பிடித்து வைப்பது, கத்திக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலாக இருப்பது. நுரை என்பது சோப்புத் தண்ணீருக்குள் அடைபட்ட காற்று. காற்றுக்கு முடியை ஊற வைக்கவும் தெரியாது, கத்தியை வழுக்க விடவும் தெரியாது. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் வந்த அமுக்கு டப்பா நுரை, வாயுவின் தயவில் பொங்குகிற சமாச்சாரம். அவசரக்காரனும் பாதுகாப்பு ரேசரும் அதோடு ஒத்துப்போகலாம். மடக்குக் கத்திக்காரனுக்குத் தோல் தெரிய வேண்டும். ஏறத்தாழ முப்பது டிகிரி சாய்வில் கத்தியைப் பிடித்து, மறுகையால் தோலை இழுத்துக்கொண்டு, முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து இறக்குகிற வேலை அது. அரை அங்குல நுரைக்கு அடியில் மச்சம் இருக்கிறதா, பரு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ரத்தம் வந்த பிறகு தெரியும்.

நுரைதான் சுத்தத்துக்கு அடையாளம் என்றால் உலகத்திலேயே சுத்தமான ஆறு நம் நொய்யல்தான். மழை பெய்து வெள்ளம் வந்தால் போதும், பாலத்தடியில் வெள்ளை வெளேரென்று பொங்குகிறது. செய்தித்தாளில் படம் போடுகிறார்கள். அதைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற அதே மனிதர், வீட்டில் பற்பசை நுரைக்கவில்லை, ஷாம்பு நுரைக்கவில்லை, பாத்திரம் விளக்கும் சோப்பு நுரைக்கவில்லை என்று கம்பெனி மாற்றிக்கொண்டே இருக்கிறார். இவர் வீட்டு நுரையும்தான் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போய்ப் படத்தில் வருகிறது.

சரி, அந்த வட்டச் சோப்பு ஏன் நுரைக்கவில்லை? அடுக்ககத்தில் வருவது ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணி. அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் தயிர்த் திப்பியாக்கிவிடும். வாளியில் படிகிற வெள்ளைப் பொருக்கு வேறென்ன? அதே சோப்பைச் சிறுவாணித் தண்ணி வரும் வீட்டில் குழைத்துப் பாருங்கள், போதும் போதும் என்கிற அளவுக்கு வரும். சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று வெளியூர்க்காரனிடம் மார்தட்டுகிறோம். யார், எப்போது, எந்த நாக்கால் பட்டியல் போட்டார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தத் தண்ணீர் நகரத்தின் எல்லாக் குழாயிலும் வருவதும் இல்லை. அறுபது ஆண்டுக்கும் மேலாகக் கேட்டுக் கேட்டு அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது, குளம் குட்டைகளை நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்த. தண்ணீருக்குச் சண்டை போடத் தெரியாத தலைமுறை சோப்போடு சண்டை போடுகிறது.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் 1805-இல் தொடங்கிய சவரக்கடை என்று ட்ரூஃபிட் அண்ட் ஹில் பெயரைச் சொல்லும்போது மாப்பிள்ளையின் குரலில் பக்தி ததும்புகிறது. நம்மூரில் ஒரு கிண்ணித் தண்ணீரோடும் தோல்வாரோடும் ஊருக்கே முகம் திருத்தியவர்கள் இருந்தார்கள். கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாட அவர்கள் வந்தால்தான் சீர் நடக்கும். பாடி முடித்ததும் திண்ணைக்குக் கீழே நிற்கச் சொல்வோம். அந்தக் கைக்கு நாம் வைத்த விலையும் தெரியும், மரியாதையும் தெரியும். 2021-இல் கோயில் மொட்டைக்குக் கட்டணம் ரத்தானபோது நமக்கு மிச்சமாகும் காசைப் பற்றிப் பேசினோம், கத்தி பிடிக்கிறவர் பிழைப்பைப் பற்றி எத்தனை பேர் கேட்டோம்? இப்போது குளிர்சாதன அறையில் அதே வேலைக்கு 'ராயல் ஷேவ்' என்று பெயர் வைத்து, நுரையைப் பிரஷ்ஷால் கன்னத்தில் மலையாகக் குவித்தால் பர்ஸைத் திறக்கிறோம். காசு நுரைக்கு. கைக்கு இல்லை.

சோப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தினமும் பழனிக்குப் போக முடியாது. வாங்குங்கள். ஆனால் டப்பாவின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் முன்வரிசையில் இருந்தால் நெருக்கமான, சீக்கிரம் காயாத குழைவு வரும். கூடக் கிளிசரின் இருந்தால் நல்லது. தேங்காய் எண்ணெய் மட்டும் தூக்கலாக இருந்தால் குபுகுபுவென்று பெரிய குமிழியாக வந்து, ஒரு கன்னம் முடிவதற்குள் அடங்கிவிடும். பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, குளிக்கிற சோப்புக்கு அது அருமையான சரக்கு. மெந்தால் போட்ட கிரீம் சில்லென்று இருக்கும். அது நரம்பை ஏமாற்றுகிற வேலை, முடிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. குழைத்தது தண்ணீர்ப் பதத்தில், தோல் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருக்கட்டும். உப்புத் தண்ணி வீட்டுக்காரர்கள் குடிக்க வாங்குகிற கேனிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டால் போதும், லண்டன் டப்பா தேவைப்படாது.

அதற்கும் மனசு வராதவர்கள் தாராளமாகத் தாடி வளர்க்கலாம். தாடிக்கென்று தனியாக எண்ணெய் விற்கிறார்கள், கேள்விப்பட்டேன். அதுவும் கப்பலில்தான் வருகிறதாம்.