ரதியின் புலம்பலை யார் பாடுவது?

2013-இல் ஜோர்டான் தலைநகர் அம்மானில், சிரியாவிலிருந்து தப்பி வந்த அகதிப் பெண்கள் யூரிப்பிடிஸின் ‘டிரோஜன் பெண்கள்’ நாடகத்தை மேடையேற்றினர். அவர்கள் தொழில்முறை நடிகையர் அல்லர். வீழ்ந்த நகரின் பெண்கள் அடிமைகளாகப் பங்கிடப்படும் அப்பழங்கதையின் நடுவே, தாம் விட்டுவந்த வீட்டையும் உறவையும் பற்றிய சொற்களைச் சேர்த்துப் பேசினர்.

ஜெகதளாவில் வசிக்கும் எனக்கு இது அயலார் கதையாகத் தோன்றவில்லை. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பொருளியல் கண்ணுக்கு இது வெறும் பங்கீடு. தாய் ஒரு பட்டியலிலும் மகள் மறு பட்டியலிலுமாகப் பிரிந்த குடும்பங்களோ தலைமன்னார் சென்ற ரயிலை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றன. வந்தவர்களில் பலருக்கு நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. சட்டத்தின் பார்வையில் இவர்கள் அகதிகள் அல்லர், ‘தாயகம் திரும்பியோர்’. பிறந்த மண்ணைப் பிரிந்தோருக்கு விந்தையான பெயர்தான்!

அவர்கள் தம்மோடு கொண்டுவந்தவற்றுள் ஒன்று, மாசி மாதத்துக் காமன் கூத்து. சிவனின் நெற்றிக்கண்ணில் எரிந்த மன்மதனுக்காக ரதி புலம்புவதே அதன் உச்சம். ஆனால், மரபுப்படி ரதி வேடம் ஆணுக்கு உரியது. பிரிவைச் சுமந்து வந்த பெண்கள், ஒப்பாரி அறிந்த பெண்கள், கூட்டத்தில் அமர்ந்து பார்க்கிறார்கள்.

இது மாறலாம். இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1991-இல் தொடங்கப்பெற்று, பின்னர் மட்டக்களப்பில் இயங்கிவரும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், பெண்களையே தெருவெளி நாடகங்களில் நடிக்கச் செய்திருக்கிறது. நன்கொடையாளர் முன் அழுதுகாட்டும் நிகழ்ச்சிகளை நான் பரிந்துரைக்கவில்லை. வாக்குமூலம் கேட்டால் ஒரு பெண் தன் பெயரில் பேச வேண்டும். கூத்தில் ரதியின் பெயரில் அழலாம். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பது அவள் கையில் இருக்கிறது. வேடத்தின் பயன் அதுவே.

கப்பலேறி வந்தபோது இளம்பெண்களாக இருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்கள் பாடி, இளையவர்கள் கற்று நடிக்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. ஒத்திகைக்கு வரும் இளம்பெண் அன்றைய கொழுந்துக் கூலியை இழப்பாள். அரசின் கலை பண்பாட்டுத் துறை முதலில் அக்கூலியை ஈடு செய்யட்டும். மேடையும் விளக்கும் பிறகு வரலாம்.