பயிற்சி உண்டு, பணியிடம் எங்கே?

ஹைதராபாதின் இரட்டை நகரமான செகந்திராபாதில், அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தை மத்திய அரசு 1984-ல் நிறுவியது. சிறப்புக் கல்வி, மறுவாழ்வு உளவியல், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து பயிற்சி அளித்தல் எனப் பல படிப்புகளை மக்களின் வரிப்பணத்தில் அது நடத்தி வருகிறது. ஏற்கெனவே இத்துறையில் இருப்போருக்குக் குறுகியகால மேற்பயிற்சியும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அறிவுசார் குறைபாடு உடையோர் 15 லட்சத்துக்கும் அதிகம் என்னும்போது, இத்தகைய நிறுவனங்களின் தேவை குறித்து இரு வேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், பயிற்சி முடித்து வெளியே வருபவரின் நிலை என்ன?

மறுவாழ்வுத் துறையில் பணியாற்ற விரும்புவோர் அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும் என்று 1992-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று அச்சட்டம் வகுத்தது. தகுதியற்றவர்களிடம் குழந்தைகள் சிக்கிவிடக் கூடாது என்ற நோக்கம் நியாயமானதே. ஆயினும், தகுதி பெற்றவருக்குப் பணியிடத்தை உருவாக்கும் பொறுப்பை எந்தச் சட்டமும் அரசின் மீது இதே கண்டிப்புடன் சுமத்தவில்லை.

இதன் விளைவை உச்ச நீதிமன்றத்தில் காண முடிந்தது. மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்பு ஆசிரியர் விகிதத்தை மத்திய அரசு வகுக்க வேண்டும் என 2021 அக்டோபரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், 2025 மார்ச்சில், எத்தனை பணியிடங்கள் தேவை என்பதை அறிவிக்கையாக வெளியிடுமாறு மாநிலங்களுக்கு அதே நீதிமன்றம் மூன்று வாரம் கெடு விதிக்க நேர்ந்தது. நியமனம் அல்ல, எண்ணிக்கையை அறிவிக்கவே கெடு! இடைப்பட்ட காலத்தில் பல மாநிலங்களில் ஒப்பந்த ஆசிரியர்களைக் கொண்டே பணி நடந்தது.

கரோனா காலத்திலும் இதே கதைதான். 2021 ஜூன் 18-ல் பிரதமர் தொடங்கி வைத்த, ரூ. 276 கோடியிலான திட்டத்தில், வீட்டுப் பராமரிப்பு உள்ளிட்ட ஆறு பிரிவுகளில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி அளிக்கத் திட்டமிடப்பட்டது. நெருக்கடியில் அது காலத்தின் தேவை. ஆனால், தொற்று தணிந்தபின் அவர்களுக்கு என்ன வேலை என்பதற்கு அத்திட்டத்தில் விடை இருக்கவில்லை.

அங்கன்வாடி ஊழியர்களின் நிலை இன்னும் வேடிக்கையானது. மாற்றுத்திறன் குழந்தைகளை அடையாளம் கண்டு, உரிய இடத்துக்கு அனுப்பும் பொறுப்பு, 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிமுறை மூலம் அவர்களிடம் தரப்பட்டது. அவ்வாறு அனுப்பப்படும் குழந்தைகளுக்காக 2021 ஜூனில் திறக்கப்பட்ட மையங்கள் நாடு முழுவதற்கும் 14 மட்டுமே. செகந்திராபாதும் சென்னையை அடுத்த முட்டுக்காடும் அவற்றில் அடங்கும். ஆதிலாபாதிலோ ராமநாதபுரத்திலோ உள்ள தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை அங்கு வந்து போவார்?

குறையைக் கண்டறியும் திறனை வளர்த்துக்கொள்ளச் சொல்லும் அரசு, அந்த ஊழியரைத் தொழிலாளியாகவே ஏற்பதில்லை. "கௌரவப் பணியாளர்கள்" என்பதே நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பத் தரப்பட்ட விளக்கம். 2018 அக்டோபரில் நிர்ணயிக்கப்பட்ட மதிப்பூதியம் மாதம் ரூ. 4,500, மாநிலங்கள் தம் பங்குக்குக் கூடுதலாகச் சேர்க்கின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு செப்டம்பரில் தெலங்கானா அங்கன்வாடி ஊழியர்கள் பணிநிரந்தரமும் பணிக்கொடையும் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர் என்றால், அத்தீர்ப்பு எவ்வளவு தூரம் பயணித்தது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

பயிற்சிக்கு நிதி ஒதுக்குவது அமைச்சகங்களுக்கு எளிது. ஒருமுறைச் செலவோடு முடிந்துவிடும். பணியிடமோ ஆண்டுதோறும் ஊதியம் கேட்கும். தயக்கத்தின் காரணம் இதுதான். பயிற்சிக்கு மத்திய அரசும் நியமனத்துக்கு மாநில அரசும் என்ற பிரிவினை, இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டித் தப்பிக்க வசதியாகவும் இருக்கிறது.

எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்ற கேள்விக்குக் கிடைக்கும் பெரிய எண்ணுடன் உறுப்பினர்கள் நிறைவடைந்துவிடக் கூடாது. அவர்களுள் எத்தனை பேர், எந்த மாவட்டத்தில், எந்த ஊதியத்தில் பணியில் இருக்கிறார்கள் என்ற துணைக்கேள்வியை எழுப்ப வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலைப் பயிற்சி மையத்தை அமைத்து, செகந்திராபாதிலும் முட்டுக்காட்டிலும் பயின்றோரை நிரந்தர ஊதியத்தில் அமர்த்தவும், அதற்கான செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்ளவும் முன்வர வேண்டும்.