கோட்டைக்குப் போங்கள்... தாகத்தோடு போகாதீர்கள்!

பிள்ளைகளை ஒரு வழியாகக் கரையேற்றிவிட்டு, 'இனிமேலாவது நாம ரெண்டு பேரும் நாலு இடம் பார்ப்போம்' என்று கிளம்பும் தம்பதியரைப் பார்த்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். ஐம்பதைத் தாண்டிய உடம்புக்கும் மனசுக்கும் இதைவிட நல்ல லேகியம் கிடையாது. கோட்டையும் ஏரியும் பார்க்க வெளிநாடுதான் போக வேண்டும் என்பதுமில்லை. ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினால், செங்கல்பட்டு நெருங்கும்போதே கொளவாய் ஏரி ஜன்னலுக்கு வந்துவிடும். இன்னும் தெற்கே மதுராந்தகம் ஏரியும் வேடந்தாங்கலும். திண்டிவனத்தில் மேற்கே திரும்பினால் செஞ்சிக் கோட்டை!

ஆனால், ஊர் சுற்றி வந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் இவர்களில் சிலர் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் மனைவிக்குத்தான் வைத்தியம்.

''ஒரே கடுப்பு டாக்டர். சொட்டுச் சொட்டாத்தான் போகுது...''

''போன இடத்துல எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?''

''குடிச்சா பாத்ரூம் தேடணுமே... காலையில ஒரு காபியோட நிறுத்திட்டேன்.''

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் அப்போதுதான் திரும்பிப் பார்ப்பார். ''சொல்லவே இல்லையேம்மா நீ!''

அவர் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். ஒரே காரில், ஒரே கோட்டையைப் பார்த்துவிட்டு வந்த இருவரில் ஒருவருக்கு அது உல்லாசப் பயணம். இன்னொருவருக்குப் பன்னிரண்டு மணி நேர விரதம். அப்படி ஒரு பயணத்தை 'ஜோடியாகப் போய் வந்தோம்' என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சித்த மருத்துவத்தில், அடக்கக் கூடாதவை என்று பதினான்கு வேகங்களைச் சொல்கிறோம். பசி, தூக்கம், தும்மல், இருமல் என்று போகும் அந்த வரிசையில் தாகமும் இருக்கிறது, சிறுநீரும் இருக்கிறது. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பும், நீர்த்தாரையில் புண்ணும் வரும் என்பது கல்லூரியில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம். சுற்றுலா போகும் பெண்களோ இந்த இரண்டு வேகங்களையும் ஒரே நாளில் அடக்குகிறார்கள்!

நவீன மருத்துவமும் இதையேதான் சொல்கிறது. பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை நீளம் குறைவு. கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடத்தின் இயற்கையான பாதுகாப்பும் குறைகிறது. தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் கிருமி அடித்துக்கொண்டு வெளியேறும். குடிக்காமல் அடக்கினால் உள்ளேயே தங்கிப் பெருகும். நீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியானால் கல் சேரவும் அது வழி செய்யும்.

செஞ்சிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1690-களில் முகலாயப் படை ஏழெட்டு வருஷம் முற்றுகையிட்டும், 1698-ல்தான் அந்தக் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. மதில் மட்டுமா காரணம்? ராஜகிரி அடிவாரத்தில் குளம், மலை மேலேயும் சுனை! தண்ணீருக்கு வழி செய்துவிட்டுத்தான் கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கோட்டையைப் பார்க்கப் போகும் அம்மா மட்டும் நாக்கு வறண்டு நிற்கலாமா?

பயணத் திட்டம் போடுவது பெரும்பாலும் ஐயாதான். 'காலையில வேடந்தாங்கல், மத்தியானம் செஞ்சி, ராத்திரி வீடு' என்று கிலோமீட்டர் கணக்குப் போடுவார். சுமார் எண்ணூறு அடி உயர ராஜகிரியை உச்சி வெயிலில் ஏற வைக்கும் கணக்கு அது! ஒரு நாளைக்கு ஒரு கோட்டை அல்லது ஒரு ஏரி போதும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கழிப்பறை உள்ள இடத்தில் நிற்பதாகத் திட்டம் இருக்கட்டும். அதைக் கேட்டு விசாரித்து வைக்க வேண்டியவர் கணவர். மனைவி வாய் திறந்து சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது.

மூட்டு வலி உள்ளவர்கள் உச்சி வரை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கீழேயே கல்யாண மஹால், நெற்களஞ்சியம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் அதிகம். கையில் ஒரு கோல் இருக்கட்டும். ஏரிக்கரை நடை இன்னும் சுகம். நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையையும் கரண்டிவாயனையும் பார்த்தபடி மெதுவாக நடக்கலாம்.

வெட்டிவேர் போட்ட தண்ணீரோ, நீர்மோரோ கொண்டுபோய் அவ்வப்போது குடியுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவை மீற வேண்டாம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைப் பயணத்திலும் நிறுத்தாதீர்கள். ஏறும்போது நெஞ்சை அழுத்தினால், வியர்த்துக் கொட்டினால், 'வாயுதான்' என்று சுக்கு தேடாமல் அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.

லேசான கடுப்புக்கு நெருஞ்சில், கொத்தமல்லிக் கஷாயம் உதவலாம். குளிர் காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் இவை இருந்தால் கஷாயத்தோடு நிற்காதீர்கள். உடனே பரிசோதனை செய்து, தேவையான ஆங்கில மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். சித்த மருத்துவனாக இருந்தே இதைச் சொல்கிறேன்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில், மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக செஞ்சியும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இனி கூட்டம் கூடும். அறிவிப்புப் பலகையும் விளக்கு அலங்காரமும் வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோட்டையோ ஏரியோ, பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய, தண்ணீர் வரும், தாழ்ப்பாள் விழும் கழிப்பறைதான் முதலில் வேண்டும். அது சுற்றுலா வசதி மட்டுமல்ல, சுகாதாரமும்கூட.

அதுவரை பொறுப்பு உங்களுடையது, ஐயா! அடுத்த முறை கிளம்பும்போது, 'கேமரா எடுத்தாச்சா?' என்று கேட்பதற்கு முன்னால், 'தண்ணி குடிச்சியாம்மா?' என்று கேளுங்கள்.